விசாகனின் மனைவி யன்னலோரம் நின்றாளா?

போன மாரியில் என் மருமகள் ஒரு சிறுகதை எழுதினாள். வவுனியாவில் உயர்தரம் படிக்கிறாள். ஏதோ ஒரு போட்டிக்காக எழுதியது. கதாநாயகனை அவள் கற்பனையில் பிடிக்கவில்லை, கல்லில் பிடித்தாள். வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில், துறவிகள் தங்கிய பாறைக் குகை ஒன்றில், இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய பிராமி எழுத்தில் ஒரு பெயர் வெட்டியிருக்கிறது. 'தமேட வணிஜ கஹபதி விசாக' என்று வாசிப்பார்கள். தமிழ் வணிகனும் குடும்பத் தலைவனுமான விசாகன் என்பது பொருள். கதை எழுதுகிறவருக்கு அவ்வளவு போதாதா?

விசாகன் மாந்தைத் துறையிலிருந்து பொதிமாடுகளோடு காட்டு வழியால் வீடு வந்து சேர்கிறான். நேரம் நன்றாக இருட்டிவிட்டது. மனைவி சொல்கிறாள்:

"என்னப்பா, இப்பதான் வாறியளோ? சோறு ஆறிப்போச்சு."

போட்டியில் கதை எடுபடவில்லை. 'பழங்கால மாந்தர் இக்காலப் பேச்சுப் பேசுகின்றனர்' என்று நடுவர் ஒருவர் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதி அனுப்பியிருந்தார். பிள்ளை இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் திருத்தி எழுதிக்கொண்டு வந்தாள்:

"நாதா! தாங்கள் எழுந்தருள இத்துணை தாமதம் ஏனோ? மேசையில் அமுது படைத்துவிட்டு, யன்னலோரம் தங்கள் வரவை நோக்கி ஒரு மணி நேரமாக நிற்கின்றேன்!"

"இப்ப சரியோ மாமா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதல் வசனத்தில் ஒரு பிழையும் இல்லை. இரண்டாவதில் மூன்று பிழை. மேசை, யன்னல் இரண்டும் போர்த்துக்கேயர் வாயிலிருந்து நமக்கு வந்த சொற்கள். அவர்கள் இலங்கைக் கரைக்கு வந்தது 1505இல். 'ஒரு மணி நேரம்' அதற்கும் பிந்தியது. பழந்தமிழர் நாழிகையால் அளந்தார்கள், ஒரு நாளுக்கு அறுபது நாழிகை. 'முல்லைப்பாட்டு' பாசறையில் நாழிகை பார்க்கும் நீர்க்கன்னலைக்கூடச் சொல்கிறது. பழசாகத் தெரியவேண்டும் என்று பிள்ளை மெனக்கெட்டுப் புதுசைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

இந்தக் குழப்பம் அவளுக்கு மட்டும் உள்ளதில்லை. சரித்திரக் கதை எழுதத் தொடங்கும் எல்லோரும் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். பழங்காலத்து மனிதரை இன்றைய தமிழில் பேச வைக்கலாமா கூடாதா?

வழுவும் வழுவமைதியும்

இதற்குப் பதில் பள்ளிக்கூட இலக்கணப் புத்தகத்தில் பாதி கிடக்கிறது. நன்னூல் ஏழு வழு சொல்கிறது: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. 'நாளை வந்தான்' என்றால் காலவழு. அதோடு விட்டார்களா? வழுவமைதி என்று ஒன்றையும் வைத்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருப்பவரைப் படலையில் நின்று கூப்பிட்டுப் பாருங்கள். கைகூடக் கழுவாமல் "இந்தா வந்திட்டன்" என்பார். ஆள் இன்னும் எழும்பவேயில்லை, சொல் மட்டும் இறந்தகாலத்தில் வந்து நிற்கிறது. அவசரத்தைக் காட்டுகிறது என்பதால் அதை ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது இலக்கணம்.

சரித்திரக் கதையின் பேச்சிலும் இப்படி ஏற்கக்கூடிய வழு ஒன்று, ஏற்க முடியாத வழு ஒன்று உண்டு. 'இக்காலப் பேச்சு' என்று ஒரே வரியில் எழுதிவிடும் நடுவர் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறார்.

ஏற்கக்கூடியது எது? விசாகன் வீட்டில் என்ன மொழி பேசியிருப்பான் என்று யோசியுங்கள். வீட்டில் பழந்தமிழ். கல்லில் வெட்டுவித்ததோ பிராகிருதம். துறைமுகத்தில் இன்னும் எத்தனையோ பேச்சு அவன் காதில் விழுந்திருக்கும். அதை அப்படியே எழுதினால் நம்மில் ஒருவருக்கும் விளங்காது. ஆகவே சரித்திரக் கதையில் வரும் ஒவ்வொரு வசனமும் மொழிபெயர்ப்புத்தான். அன்றைய பேச்சை இன்றைய வாசகருக்கு மாற்றித் தருகிறோம். "சோறு ஆறிப்போச்சு" என்பது மொழிபெயர்ப்பு. "தாங்கள் எழுந்தருள" என்பதும் மொழிபெயர்ப்பு. இரண்டாவது பழசாக ஒலிப்பதற்குக் காரணம், மேடை நாடகமும் சினிமாவும் அரசர்களை அப்படிப் பேசவைத்து நம் காதைப் பழக்கிவிட்டதுதான். விசாகன் அந்தத் தமிழைக் கேட்டால் அவனும் நம்மைப் போலவே முழிப்பான்.

முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்து பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கண்ணகி புகாரிலும் மதுரையிலும் வாழ்ந்தவள். கூத்தில் நம் ஊர் மெட்டில், நம் ஊர்ச் சொல்லோடு பாடுகிறாள். விடியும்வரை பாயில் குந்தியிருந்து பார்க்கிற சனத்தில் ஒருவரும் எழும்பி "சங்ககாலத்தில் இப்படிப் பாடமாட்டார்களே" என்று கேட்டதாக நான் அறியேன்.

அந்தக் காலத்து ஆட்கள் எப்படித்தான் பேசினார்கள்?

கம்பீரமாகத்தான் பேசியிருப்பார்கள் என்பது நம் எண்ணம். கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில், கபிலர் பாடியதாகச் சொல்லப்படும் ஒரு பாட்டைப் பிரித்துப் பார்த்தால் அந்த எண்ணம் கழன்றுவிடும். தெருவில் விளையாடும்போது மணல்வீட்டைக் காலால் கலைத்து, பந்தைப் பறித்துக்கொண்டு ஓடும் ஒரு குழப்படிக்காரன், ஒருநாள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். 'இல்லிரே! உண்ணுநீர் வேட்டேன்' என்கிறான். வீட்டுக்காரர், குடிக்கத் தண்ணி வேணும், அவ்வளவுதான். தாய் மகளிடம் செம்பைக் கொடுத்து அனுப்புகிறாள். அவன் தண்ணீரை விட்டுவிட்டு அவள் கையைப் பிடிக்கிறான். 'அன்னாய்! இவனொருவன் செய்ததுகாண்!' என்று அவள் கத்துகிறாள். தாய் பதறி ஓடிவர, பெண் மாற்றிச் சொல்கிறாள்: 'உண்ணுநீர் விக்கினான்.' தாய் அவன் முதுகைத் தடவிவிடுகிறாள். அவனோ கடைக்கண்ணால் பார்த்துச் சிரிக்கிறான், 'அக்கள்வன் மகன்'.

இதை முள்ளியவளையில் ஒரு வீட்டு முற்றத்தில் வைத்தால் எத்தனை சொல்லை மாற்றவேண்டி வரும்? "அம்மா, இவன் செய்த வேலையைப் பாருங்கோ!" "தண்ணி குடிக்கேக்க விக்கினதம்மா." விக்கல்கூட அதே சொல்தான். 'கள்வன் மகன்' நம் வாயில் 'கள்ளப் பொடியன்'. மனிதர் குழைந்து, கத்தி, பொய் சொல்லி, சிரித்துப் பேசியிருக்கிறார்கள். அந்த உயிரை எடுத்துவிட்டு 'நாதா' போட்டால் பழமை வராது, விறைப்புத்தான் வரும்.

மரியாதை விஷயத்தில் இன்னும் வேடிக்கை. அரசனை 'தாங்கள்' என்றே அழைக்கவேண்டும் என்பது நம் கதைகளில் எழுதாத சட்டம். புறநானூற்றில் கோவூர் கிழார், மலையமானின் சின்னப் பிள்ளைகளை யானைக்காலில் இடப்போகும் சோழன் கிள்ளிவளவனைத் தடுத்துப் பாடும்போது எப்படித் தொடங்குகிறார்? 'நீயே, புறவின் அல்லல் அன்றியும்...' நீ! ஒரு புலவர் பேரரசனைப் பார்த்து. இன்றைய கதையில் ஒரு பாத்திரம் அரசனை நீ என்று சொன்னால் 'இக்காலத்து மரியாதையீனம்' என்று சிவப்பு மை விழும். உண்மையில் 'தாங்கள்' தான் பிந்தி வந்தது.

பழசாக இருந்தும் புதுசாக ஒலிக்கும் சொற்களின் தொல்லை இது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இதை டிஃபனி சிக்கல் என்பார்கள். டிஃபனி என்ற பெண்பெயர் ஐரோப்பாவில் மத்திய காலத்திலேயே புழங்கியது. ஆனாலும் அந்தக் காலத்துக் கதையில் ஒருத்திக்கு அந்தப் பெயரை வைத்தால் வாசகர் நம்பமாட்டார், நேற்றுப் பிறந்த பிள்ளையின் பெயர் போலக் கேட்கும். நமக்கு 'நொடி' அப்படி. "ஒரு நொடி பொறு" என்று விசாகன் சொன்னால், கைக்கடிகாரத்தின் முள்தான் வாசகர் கண்ணில் ஓடும். ஆனால் தொல்காப்பியம் மாத்திரைக்கு அளவு சொல்லும்போதே 'கண்இமை நொடியென அவ்வே மாத்திரை' என்கிறது. விரலை நொடிக்கும் நேரம். சொல் நியாயமானதுதான், காதுதான் ஒத்துக்கொள்ளாது. இப்படியான இடத்தில் நான் வாசகரோடு சண்டைக்குப் போகமாட்டேன். "விரல் நொடிக்கிற நேரம் பொறு" என்று எழுதிவிடுவேன். அதே சொல்தான், கடிகாரம் மட்டும் மறைந்துவிடும்.

ஏற்க முடியாத வழு

அப்படியானால் எல்லாம் சரியா? இல்லை. தொனி இன்றையதாக இருப்பதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் சொல்லுக்குள் பிந்திய காலத்துப் பொருளோ பழக்கமோ ஒளிந்திருந்தால் அது பிழை. மருமகளின் மேசையும் யன்னலும் அந்த வகை. கதிரை, அலுமாரி, வாங்கு, துவாய், சப்பாத்து, பாண் எல்லாம் அதே கப்பலில் வந்தவை. வீரர் வாயில் அடிக்கடி வரும் 'தயார்', 'சபாஷ்', 'சிப்பாய்' போன்றவை அரபி, பாரசீகப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தவை. "படை தயார், மன்னா!" என்பதைவிட நாம் அன்றாடம் சொல்லும் "ஆயத்தம்" மேல்.

சாப்பாட்டில் கவனமாக இருக்கவேண்டும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் 1492இல் கடல் தாண்டிய பிறகுதான் உலகம் சுற்றியது. கச்சான், மரவள்ளி, பப்பாசி, கொய்யா, அன்னாசி எல்லாம் அப்படியே. கச்சான் இல்லாத வன்னியை நினைத்துப் பார்க்கவே கஷ்டம், ஆனால் விசாகனின் வன்னி அதுதான். அவனுக்கு உறைப்பு வேண்டுமென்றால் மிளகு.

எந்தக் காலம் என்று முதலில் தீர்மானித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கதை வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைப் பற்றியதானால் கணக்கு வேறு. அவன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது 1803 ஓகஸ்ட் 25ஆம் திகதி. கற்சிலைமடுவில் ஆங்கிலேயப் படையின் வொன் டிறிபேர்க்கிடம் தோற்றது அதே ஆண்டு ஒக்ரோபர் 31. அப்போது பறங்கியரும் ஒல்லாந்தரும் வந்துபோய், ஆங்கிலேயர் ஆள்கிறார்கள். துப்பாக்கி, பீரங்கி, கதிரை எல்லாம் தாராளமாக வரலாம். கறியில் மிளகாயும் போடலாம். ஆனால் வந்தவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கக்கூடாது. இலங்கையில் தேயிலைத் தோட்டம் தொடங்கியதே 1867இல்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எழுதும் பண்டாரவன்னியன் நாடகங்களில் நான் காணும் பெரிய வழு இன்னொன்று. அது பொருளில் இல்லை. தூதன் ஓடிவந்து சொல்வான்: "மன்னா! எதிரியின் முன்னரங்க நிலைகள் தகர்க்கப்பட்டன. நிலைமை எமது முழுமையான கட்டுப்பாட்டுக்குள் வந்துள்ளது." சொல்லெல்லாம் நல்ல தமிழ். ஒரு பிறமொழிச் சொல்லும் இல்லை. ஆனால் இது ஓடிவந்தவன் பேச்சில்லை, வானொலிச் செய்தி. யுத்தகாலம் முழுக்க வானொலிக்குப் பக்கத்தில் குந்தியிருந்த ஊர் எங்களுடையது. போர் என்றாலே நம் கைக்கு வருவது அந்தச் செய்தித் தமிழ்தான். முன்னரங்கு, இழப்பு, பதில் தாக்குதல், இடம்பெயர்வு. எழுதுகிற பிள்ளை அதைக் கேட்டு வளராவிட்டாலும் கேட்டு வளர்ந்தவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். அதை அவர்கள் பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 1803இல் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்த ஒருவன் என்ன சொல்லியிருப்பான்? என் கைவரிசை இது:

"கோட்டைக்குள்ள இப்ப எங்கட ஆக்கள்தான் நிக்கினம். பீரங்கியள் எல்லாம் அப்பிடியே கிடக்கு. வந்து பாருங்கோ."

'கட்டுப்பாடு' என்பது நிர்வாகத்தின் சொல். 'எங்கட ஆக்கள் நிக்கினம்' என்பது கண்ணால் கண்டவன் சொல்.

மரபுத்தொடர்களிலும் பொறி உண்டு. "உன்ர வண்டவாளம் தண்டவாளத்தில ஏறும்" என்று மந்திரி மிரட்டினால் ரெயில் ஓடும் சத்தம் கேட்காமல் போகுமா? வடக்கு ரெயில்பாதை காங்கேசன்துறைவரை வந்தது 1905இல். 'பற்றரி இறங்கிட்டுது', 'நூறு வீதம் உண்மை' எல்லாம் பேசும்போது நம்மை அறியாமல் வந்துவிடும், எழுதும்போது பிடித்து நிறுத்தவேண்டும். அதற்குப் பதிலாகத் தூய தமிழ் அகராதியைத் தேடி ஓடவேண்டாம். வன்னிக்காரரிடம் குளமும் காடும் இருக்கின்றன. ஒருத்தி கோபத்தில் நிறுத்தாமல் பேசினால் "குளம் வான் பாயிற மாதிரிப் பேசினாள்" என்று எழுதலாம். விசாகன் காலத்திலும் குளம் இருந்தது, மாரியில் நிரம்பி வழிந்தது. தூரத்துக்கு 'கூப்பிடு தூரம்' இருக்கிறது, கிலோமீற்றர் வேண்டாம். ஏழு நாள் வாரக்கணக்கும் அன்று புழக்கத்தில் இல்லை. ஆகவே விசாகன் "வெள்ளிக்கிழமை வாறன்" என்று சொல்லமுடியாது. "பறுவத்துக்கு முன்னம் வந்திடுவன்" என்று சொல்லலாம்.

மிகவும் ஒளிந்திருப்பது எண்ணத்தில் உள்ள வழு. ஒரு பெண் "எனக்கென்று ஒரு தனிப்பட்ட வாழ்க்கை இருக்கிறது" என்று சொன்னால், அந்த ஏக்கம் அவளுக்கு இருந்திருக்கலாம், ஆனால் அந்த வாக்கியம் இருந்திருக்காது. ஏக்கத்தை வைத்துக்கொண்டு வாக்கியத்தை அவள் உலகத்தில் தேடவேண்டும்: "தண்ணிக்குப் போற வழியில மட்டும்தான் நான் தனிய."

எல்லோரையும் ஒரே மாதிரிப் பேசவைப்பதா?

தொடக்கக்காரர் கவனிக்காமல் விடும் இன்னொரு விஷயம். மனைவி "வாறியளோ" என்கிறாள், அடுத்த பக்கத்தில் காவல்காரன் "யார் அங்கே வருவது?" என்கிறான், மூன்றாம் பக்கத்தில் விசாகனே "நான் அறிந்திலேன்" என்கிறான். எழுதுகிறவருக்கு அன்றைக்கு வந்த மனநிலை தவிர வேறு காரணம் இல்லை. வாசகரோ ஒருவர் படித்தவர், ஒருவர் படியாதவர் என்று தானாக அர்த்தம் எடுத்துவிடுவார்.

வித்தியாசம் வைத்தால் அதற்கு வேலை கொடுங்கள். மருமகளுக்கு நான் சொன்னது இதுதான். விசாகன் வீட்டில் தமிழ் பேசுகிறான், குகையில் இருக்கும் துறவியோடு பிராகிருதம் பேசுகிறான். வீட்டுப் பேச்சை வன்னிப் பேச்சாக எழுது. துறவியோடு பேசுவதை மட்டும் சுத்தமான எழுத்துத் தமிழில், கொஞ்சம் எண்ணி எண்ணிப் பேசுகிற மாதிரி எழுது. "இக்குகையைத் தங்களுக்கு அளிக்க விரும்புகிறேன்" என்று அவன் சொல்லும்போது, இது அவனுக்குத் தாய்மொழி இல்லை என்று சொல்லாமலே விளங்கும். நாம் கேலி செய்த 'தாங்கள்' அங்கே பயன்பட்டுவிடும்.

"அப்ப நடுவருக்கு?" என்றாள்.

"நடுவருக்கு எழுதாதை பிள்ளை. கல்லில பேர் வெட்டினவனுக்கு எழுது."

அது கொஞ்சம் நாடகமாகத்தான் இருந்தது, எனக்கே தெரிகிறது. அவள் கண்ணை உருட்டிவிட்டுப் போனாள். ஆனால் ஒரு கிழமை கழித்து அனுப்பிய பக்கம் இது:

பொதிமாட்டின் மணி கேட்டதும் அவள் ஓலைத் தட்டியை நீக்கினாள்.
"இப்பதான் வாறியளோ? சோறு ஆறிப்போச்சு."
"அருவி ஆத்தில தண்ணி. மாடு இறங்கமாட்டன் எண்டுது."
"நீங்கள் இறங்கினியளோ?"
"நான் இறங்கினாப் பிறகுதான் அது இறங்கினது."

யன்னல் போய் ஓலைத் தட்டி வந்துவிட்டது. மேசை இல்லை. ஒரு மணி நேரமும் இல்லை, சோறு ஆறினதே நேரத்தைச் சொல்கிறது. நான் ஒன்றும் திருத்தவில்லை.

இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் குறுஞ்செய்தி வந்தது. "மாமா, சாப்பிட்ட பிறகு விசாகன் வெத்திலை போடலாமோ?"

கண்ணகியே கோவலனுக்குச் சாப்பாட்டின் பின் வெற்றிலையும் பாக்கும் கொடுத்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. தாராளமாகப் போடலாம் என்று பதில் போட்டேன். பிறகு எங்கள் அப்புவின் வெற்றிலைத் தட்டம் நினைவுக்கு வந்து இன்னொன்றும் அனுப்பினேன்.

"புகையிலை வைச்சிடாதை. அது மிளகாயோட வந்தது."